துரிசு வெளுத்தால், சுண்ணாம்பு செத்தால்: நீர் சுமக்கும் உப்புகளின் கோளாறுகள்

மே மாதக் கடைசியில் கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறைப் பக்கம் மேகம் இறங்கத் தொடங்கியதும் எங்கள் ஊர்ப் புரைகளில் (கொட்டகைகளில்) போன வருடம் மிச்சம் வைத்த துரிசு, அதாவது செம்பு சல்பேட், மூட்டைகள் வெளியே வரும். மழைக்கு முன் மரங்களுக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்குத்தான் அது. அவிழ்த்த கையோடு எனக்குப் போன் வரும். "சாரே, துரிசு வெளுத்துப் போச்சு, கொட்டிரவா?" என்பார் ஒருவர். "கல்லு மாதிரி ஆயிட்டு, சுத்தியல எடுக்கவா?" என்பார் இன்னொருவர். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் பல வருடம் சாமான் எடுத்துக் கொடுத்தவன் நான். இப்போது திருவட்டார் பக்கம் ஒன்றரை ஏக்கர் ரப்பர் பார்க்கிறேன். அதனால் ஆய்வகக் கேள்வியும் வருகிறது, தோட்டக் கேள்வியும் வருகிறது.

பதில்களை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேரே போய்ப் படிக்கலாம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

துரிசுக் கல் ஒன்றைக் கையில் எடுங்கள். காய்ந்துதான் இருக்கும். ஆனால் ஒரு கிலோ துரிசில் 360 கிராம் தண்ணீர் இருக்கிறது. இது வெளியிலிருந்து ஏறிய ஈரம் கிடையாது. செங்கல்லுக்கு நடுவே சாந்து போலப் படிகத்துக்குள் எண்ணி வைத்த நீர். செம்பு சல்பேட் ஒன்றுக்கு நீர் மூலக்கூறு ஐந்து என்பது கணக்கு. எப்சம் உப்பில் (மக்னீசியம் சல்பேட்) ஏழு, எடையில் பாதிக்கு மேல். படிகாரத்தில் பன்னிரண்டு, எடையில் 45 சதவீதம். சலவை சோடாப் படிகத்தில் பத்து, 63 சதவீதம். சலவை சோடா வாங்குகிறவர் தண்ணீரைத்தான் அதிகம் வாங்குகிறார் என்று ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பேன். கீழே வரும் கோளாறுகளில் பலவும் இந்த நீரைக் கணக்கில் விட்டதால் வருபவை.

துரிசின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது

கொட்ட வேண்டாம். மேலே உள்ள படிகங்கள் கொஞ்சம் நீரை விட்டுவிட்டன, அவ்வளவுதான். நீலம் என்பது செம்பும் நீரும் சேர்ந்து தரும் நிறம். நீர் போனால் நிறம் போகும், செம்பு போகாது.

நம் மாவட்டத்துக் காற்றில் துரிசு தானாக வெளுப்பது அபூர்வம். குலசேகரம், அருமனைப் பக்கம் அந்த அளவுக்குக் காற்று காய்வதே இல்லை. தகரக் கூரைக்கு அடியில் வெயில் படும்படி மூட்டை கிடந்திருந்தால் நடக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மாதக் கணக்கில் அடிக்கும் இடத்திலும் நடக்கலாம். சூடாக்கினால் 63 டிகிரி வாக்கில் முதல் இரண்டு நீர் போகும், 109 வாக்கில் அடுத்த இரண்டு, கடைசி ஒன்று 200 டிகிரி வரை பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும்.

சோதனை எளிது. வெளுத்த பொடி ஒரு சிட்டிகை எடுத்து ஒரு சொட்டு நீர் விடுங்கள். நீலம் திரும்பினால் அது துரிசுதான். திரும்பாமல் வெள்ளையாகவே கரைந்தால் கலப்படம், அல்லது வேறு மூட்டையிலிருந்து சிந்தியது.

மேலாக மட்டும் பூத்திருந்தால் எடையை மாற்ற வேண்டாம். மூட்டை முழுக்க வெளுத்து மாவாகியிருந்தால்தான் கணக்கு. நீர் முழுவதும் போன துரிசு 640 கிராமில் ஒரு கிலோ நீலத் துரிசின் செம்பு இருக்கும். அதைப் பழைய அளவிலேயே போட்டால் கலவை ஒன்றரை மடங்கு காட்டமாகிவிடும். பள்ளியில் இதை அளந்து பார்க்க 10 கிராமைப் பீங்கான் மூசையில் மெதுவாக வறுப்போம். 6.4 கிராமில் வந்து நிற்கும். வீட்டில் சமையல் சட்டியில் இதைச் செய்யாதீர்கள். துரிசு விஷம், சட்டி திரும்ப அடுப்புக்குப் போகும்.

மூட்டை கல்லாகிவிட்டது, அல்லது நசநசக்கிறது

இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் வேறு வேறு. கல்லாவது பழுது இல்லை. மழைக்காலத்தில் படிகங்களின் மேல்தோல் லேசாக இளகும், வெயில் வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். சுத்தியல் எடுத்தால் தூள் கண்ணில் தெறிக்கும், கண்ணுக்குத் துரிசு மிகக் கெட்டது. பட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கட்டியை அப்படியே சாக்கில் கட்டி நீரில் தொங்கவிடுங்கள். எப்படி என்பது அடுத்த பகுதியில்.

நசநசப்பு வேறு. துரிசு காற்றின் ஈரத்தை இழுத்து எளிதில் நீர்க்கிற உப்பு இல்லை. கூரை ஒழுகாமல், தரை ஊறாமல், துரிசு மட்டும் ஈரமாக இருந்தால் அதில் வேறு உப்போ, கழுவாமல் விட்ட அமிலமோ இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். நம் ஊர்க் கல் உப்பு ஆடி மாதத்தில் பானையில் கசிவதும் பாதி இந்தக் கதைதான். தாமரைக்குளம், புத்தளம் அளங்களில் விளையும் உப்பில் மக்னீசியம் குளோரைடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் முதலில் தண்ணீர் இழுக்கும்.

வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் வாளியில் மூடி இறுக்கி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். வாளியில் பெயர் எழுதுங்கள். படிகாரமும் கற்கண்டும் ஒரே அலமாரியில் இருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மணிக்கணக்காகக் கலக்கியும் அடியில் கிடக்கிறது

துரிசு நன்றாகக் கரையும் பொருள். ஒரு லிட்டரில் 200 கிராம் தாராளமாகக் கரைந்துவிடும். கரையாததற்குக் காரணம் நாம் போடும் விதம். வாளி அடியில் கொட்டினால் கல்லைச் சுற்றியுள்ள நீர் துரிசால் நிறைந்து கனத்து, அங்கேயே போர்வை போலப் படுத்துக்கொள்ளும். மேலே உள்ள வெறும் நீர் கல்லைத் தொடவே தொடாது.

முந்தின நாள் சாயங்காலம் சாக்குத் துணியிலோ பழைய வேட்டித் துணியிலோ கட்டி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி குறுக்குக் கம்பில் தொங்கவிடுங்கள். கனத்த கரைசல் தானாகக் கீழே இறங்கும், புதுநீர் மேலே வரும். விடிந்ததும் துணி மட்டும் இருக்கும். யாரும் கலக்க வேண்டியதில்லை.

கரைக்கும்போது வாளி சில்லென்று ஆனால் பயப்பட வேண்டாம். நீரோடு இருக்கும் படிகம் கரையும்போது சூட்டை உள்ளே இழுக்கும். எப்சமும் அப்படித்தான். மாறாகப் பொடியைப் போட்டதும் நீர் கதகதவென்று சூடேறினால் அது நீர் இல்லாத வகை. அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கரைசல் பச்சையாக இருக்கிறது

நல்ல துரிசுக் கரைசல் தெளிந்த நீலம். பச்சை கலந்தால் இரும்பு உப்பு, அதாவது அன்னபேதி, சேர்ந்திருக்கலாம். ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் கரைசல் எடுத்து அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ரப்பர் பால் உறையாமல் இருக்க அம்மோனியா வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு. முதலில் வெளிறிய நீலமாகத் திரளும். மேலும் விட்டால் திரள் கரைந்து கண்ணைப் பறிக்கும் கருநீலமாகும். அடியில் பச்சையாகவோ பழுப்பாகவோ சகதி மிஞ்சினால் அது இரும்பு. கடைக்கார அண்ணாச்சியிடம் குப்பியோடு போய்க் காட்டுங்கள்.

நீலம் சரியாக இருந்து லேசாகக் கலங்கல் மட்டும் என்றால், உங்கள் தண்ணீரின் காரத்தன்மை. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போர்டோ கலவை சரியாக வரவில்லை

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கொஞ்சம் நின்று பேசலாம்.

ஒரு சதவீதக் கலவைக்குத் துரிசு 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துரிசை 50 லிட்டரிலும் சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துரிசு நீரைச் சுண்ணாம்பு நீருக்குள் மெதுவாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பரில் மழைக்கால இலையுதிர்வு, கமுகில் மகாளி (காய் அழுகல்), மிளகுக்கொடி வாட்டம் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது பைட்டோப்தோரா என்ற ஒரே இனத்து, பூஞ்சணம் போன்ற கிருமி. அதற்கு மழைக்கு முன்னால் போடும் காவல்தான் இந்தக் கலவை. பிரான்சில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்கப் பாதையோரக் கொடிகளில் துரிசும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து 1885-இல் எழுதினார். திருட்டுக்குப் பயந்து செய்தது மருந்தாகிவிட்டது.

நிறத்தைப் பாருங்கள். வான நீலத்தில், தயிர் உடைத்துக் கரைத்ததுபோல் நைசாக இருக்க வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வைத்தால் மெதுவாகத்தான் படிய வேண்டும்.

பச்சை நீலமாகத் தெளிந்து நிற்கிறதா? சுண்ணாம்பு போதவில்லை. துருவும் எண்ணெயும் போகத் தேய்த்த இரும்புக் கத்தி ஒன்றை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறப் படலம் ஒட்டினால் கரைசலில் இன்னும் தனிச் செம்பு இருக்கிறது. அப்படியே அடித்தால் இலை கருகும். படலம் ஒட்டாத வரை சுண்ணாம்பு நீர் சேர்த்துச் சேர்த்துப் பாருங்கள். இதற்குப் பால் வெட்டும் கத்தியை எடுக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

இதில் யோசிக்க ஒன்று உண்டு. ஒரு கிலோ துரிசைச் சரிக்கட்ட வேதியியல் கணக்குப்படி நல்ல நீற்றுச் சுண்ணாம்பு 300 கிராம் போதும். நாம் போடுவதோ ஒரு கிலோ, மூன்று மடங்கு. அப்படியிருந்தும் கத்தி சிவக்கிறது என்றால் அளவில் குறையில்லை, சுண்ணாம்பு செத்துவிட்டது. காற்றுப் பட்டுக் கிடந்த சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சி, சுடுவதற்கு முன் இருந்த பழைய சிப்பியாகவே திரும்பிவிடும். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் போட வைத்திருக்கும் நீர்த்த ஆசிட்டில் ஒரு சொட்டைச் சுண்ணாம்பின் மேல் விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் அது செத்த சுண்ணாம்பு. சுட்ட சிப்பியை வாங்கி வந்து அன்றே நீற்றுவதுதான் நல்லது. தண்ணீர் பட்டதும் சீறிச் சூடேற வேண்டும். பேசாமல் ஊறிக்கொண்டிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

நீற்றிய சூட்டோடு கலக்குவது அடுத்த தப்பு. சூட்டில் திரளும் படிவம் மணல் மணலாக இருக்கும், இலையில் ஒட்டாது, நாசிலை அடைக்கும். இரண்டு நீரும் ஆறியிருக்க வேண்டும். சுண்ணாம்பைத் துரிசுக்குள் ஊற்றினாலும் இதே மணல்தான். தொடக்கம் முதல் கடைசி வரை சுண்ணாம்பின் பக்கம் கை ஓங்கியிருந்தால்தான் நைசாக வரும், அதனால்தான் ஊற்றும் வரிசைக்கு இவ்வளவு பிடிவாதம். சுண்ணாம்பு நீரைக் கலக்குவதற்கு முன்பே துணியில் வடிகட்டிவிடுங்கள். கலந்தபின் வடிகட்டினால் மருந்தையே வடிகட்டி எறிவீர்கள்.

தகர டிரம்மில் கலக்கினால்? செம்பு டிரம்முக்குப் போகும், இரும்பு மரத்துக்குப் போகும். பிளாஸ்டிக் டிரம் அல்லது மண்பானை.

கலந்த அன்றே அடித்து முடிக்க வேண்டும். வைத்தால் அந்த நைசான படிவம் மெல்ல மெல்லப் பெரிய படிகங்களாக மாறிவிடும். திடீர் மழையில் மாட்டிக்கொண்டால் 100 லிட்டருக்கு 100 கிராம் வெல்லம் கரைத்து ஒருநாள் தள்ளலாம் என்பார்கள். தள்ளலாம்தான். எனக்கென்னவோ பாதி டிரம்மாகக் கலப்பதே மேல் என்று படுகிறது.

அடித்தும் பலன் இல்லை, மழை கழுவிவிட்டது

சரியாகக் கலந்த போர்டோ சில மணி நேரம் காய்ந்துவிட்டால் மழைக்கு அசையாது. காயும் முன் மழை வந்தால் கதை முடிந்தது. ஆகவே எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் முன்பே, வானம் வெளுத்த காலையில். இலை விழத் தொடங்கியபின் அடிப்பது வீண், இது குணப்படுத்தும் மருந்து இல்லை. உயர்ந்த மரங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். பெரிய தோட்டங்களில் எண்ணெயில் கலக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடுக்கு மாறியிருக்கிறார்கள், அதற்குப் படிக நீர்க் கணக்கே கிடையாது.

இளமரக் கவட்டையில் பிங்க் நோய் வந்தால் போர்டோ பசை. துரிசு 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் மட்டும். செய்முறை அதேதான்.

மிச்சத்தையும் டிரம் கழுவிய நீரையும் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மீனுக்குச் செம்பு ஆகவே ஆகாது.

ரப்பர் ஷீட் பிசுபிசுக்கிறது

புகைப்புரையில் காய்ந்த ஷீட் சில வாரத்தில் ஒட்டிக்கொண்டு இளகினால் பலரும் ஆசிட்டைத் திட்டுவார்கள். நான் முதலில் கேட்பது, "துரிசு கரைச்ச வாளி எங்க?" என்றுதான். செம்பு ரப்பருக்கு எமன். மாங்கனீசும் அப்படியே. கொஞ்சம் கலந்தாலும் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ரப்பரைத் தின்பதை வேகப்படுத்தும். துரிசு வாளியில் பால் எடுப்பது, துரிசு பட்ட கையால் சிரட்டையைத் துடைப்பது, கலவையைச் சோதித்த கத்தியால் பட்டை வெட்டுவது எல்லாம் இதில் சேரும். என் தோட்டத்தில் ஒரு வருடம் நானே வடிகட்டித் துணியை மாற்றிப் போட்டுவிட்டேன். பத்துப் பன்னிரண்டு ஷீட் ஒட்டுப்பால் (கழிவு ரப்பர்) விலைக்குப் போனது. இப்போது துரிசுச் சாமான்களுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. இளகிப்போன ஷீட்டை மீட்க வழி இல்லை.

சிங்க் சல்பேட் போட்டும் நெல் தேறவில்லை

நாஞ்சில் நாட்டு வயல்காரர்கள் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் கேட்பது இது. ஹெக்டேருக்கு 25 கிலோ என்று சொல்வது ஏழு நீர் உள்ள, 21 சதவீதத் துத்தநாகம் கொண்ட வகைக்கு. ஒரு நீர் மட்டும் உள்ள வகையில் 33 சதவீதம் இருக்கும், 16 கிலோ போதும். பையில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள். கிலோ விலையை மட்டும் பார்த்து மலிவானதை எடுப்பவர் நீரை வாங்கி வீட்டுக்குச் சுமக்கிறார்.

அதையும் மீறிப் பலனில்லை என்றால் எப்சம் உப்பைச் சிங்க் என்று கொடுத்திருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் படிகம். ஒரு கிராமை 5 மில்லி நீரில் கரைத்து நீர்த்த காஸ்டிக் சோடா சில சொட்டு விடுங்கள், கூழாக வெள்ளைத் திரள் வரும். இப்போது காட்டமான காஸ்டிக் சோடாவை மேலும் சொட்டுங்கள். திரள் கரைந்தால் துத்தநாகம், கரையாமல் நின்றால் மக்னீசியம். காஸ்டிக் தோலை அரிக்கும், கையுறையோடு செய்யுங்கள்.

டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசலோடு சேர்த்துத் தெளித்து டாங்கியில் வெள்ளையாகத் திரண்டால் துத்தநாகம் பாஸ்பேட்டாகப் படிந்துவிட்டது, பயிருக்குப் போகாது. இரண்டையும் வேறு வேறு நாளில் கொடுங்கள். எப்சமோடு கால்சியம் நைட்ரேட் சேர்த்தாலும் இதே கதை, அங்கே படிவது ஜிப்சம்.

தென்னைக்கு வருடத்துக்கு அரைக் கிலோ மக்னீசியம் சல்பேட் என்ற பரிந்துரையும் ஏழு நீர் உள்ள எப்சத்துக்குத்தான். அடிமட்டை மஞ்சளித்து குருத்து பச்சையாக இருந்தால் மக்னீசியக் குறை. குருத்தே வெளுத்தால் வேறு காரணம் தேடுங்கள்.

அன்னபேதி பழுப்பாகிவிட்டது

பச்சைக் கல்லின் மேல் துருநிறம் வந்தால் இரும்பு காற்றோடு சேர்ந்து மாறிவிட்டது. துரிசு வெளுப்பதைப் போல நீர் விட்டுத் திருப்ப முடியாது. மேல் பழுப்பைக் கழுவிவிட்டு உள்ளிருக்கும் பச்சையை எடுக்கலாம். தெளிக்கக் கரைக்கும்போது கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் பழுப்பாவது தள்ளிப்போகும்.

படிகாரம் போட்டும் தண்ணீர் தெளியவில்லை

கோதையாறு கலங்கி ஓடும் நாட்களில் குழாய் நீரும் சிவந்து வரும். சீனக்காரக் (படிகாரக்) கட்டியைக் குடத்தில் நாலு சுற்றுச் சுற்றுவது நம் வழக்கம். அளவு தெரியாததுதான் அதன் கோளாறு.

10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். ஆறு ஒரு லிட்டர்ப் பாட்டில்களில் கலங்கல் நீரை நிரப்பி, மருந்து சிரிஞ்சால் ஒன்று, இரண்டு, மூன்று என ஆறு மில்லி வரை விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்கி, பத்து நிமிடம் மெதுவாக உருட்டி, அரை மணி நேரம் வையுங்கள். எந்தப் பாட்டிலில் குறைந்த மருந்தில் தெளிந்ததோ அதுதான் உங்கள் தண்ணீரின் அளவு.

எதிலுமே தெளியவில்லையா? படிகாரம் பஞ்சுபோலத் திரள நீரில் கொஞ்சம் காரத்தன்மை வேண்டும். செம்மண் மேட்டுக் கிணறுகள் சிலவற்றில் அது மிகக் குறைவு. தெளிந்த சுண்ணாம்பு நீர் ஒரு கரண்டி சேர்த்துப் பாருங்கள். அதிகமாகப் போட்டால் வாய் துவர்க்கும், தெளிவும் கெடும். தெளிந்த நீரில் கிருமி சாகவில்லை, கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

குடில் பொம்மை உறையவில்லை

டிசம்பர் வந்தால் ஊருக்கு ஊர் கிறிஸ்துமஸ் குடில், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் மலையும் ஆட்டுக்குட்டியும். இந்தப் பொடி ஜிப்சத்தின் நீரில் முக்கால் பங்கை வறுத்து விரட்டியது. தண்ணீர் சேர்த்ததும் இழந்த நீரைத் திரும்பப் பிடித்துப் படிகமாகப் பின்னிக்கொள்வதுதான் உறைதல். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடந்த பை காற்றிலிருந்தே அந்த நீரைக் குடித்திருக்கும். கொஞ்சம் குடித்திருந்தால் சட்டென்று உறையும், ஆனால் நகத்தால் கீறினாலே உதிரும். நிறையக் குடித்திருந்தால் உறையவே உறையாது. எதைச் சேர்த்தும் பயனில்லை, புதுப் பை வாங்குங்கள்.

சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி வீடுகளில் இது பழகிய காட்சி. கடற்காற்றின் சாதா உப்பு ஒரு பக்கம். பெரிய சேதம் செய்வதில் சோடியம் சல்பேட்டுக்குப் பங்கு அதிகம். 32.4 டிகிரிக்கு மேல் அது நீரில்லாத உப்பு. கீழே வந்து ஈரமும் கிடைத்தால் பத்து நீரை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ நான்கு மடங்கு பருக்கும். மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் நடுவே 32 டிகிரியைத் தாண்டித் தாண்டி வருவது நம் ஊர்ச் சுவருக்குத் தினப்படி வேலை. உள்ளிருந்து ஆப்பு வைத்துப் பிளப்பது போல.

தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். காய்ந்த நாளில் துடைப்பத்தால் பெருக்கி எடுத்து வெளியே கொட்டுங்கள். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அதை நிறுத்துங்கள். அதற்கு முன் சிமெண்ட் பூசி எனாமல் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழையில் பெயிண்ட் பப்படம் போலக் கிளம்பி நிற்கும்.

கண்காட்சிக்குப் படிகம் வளரவில்லை

கடைசியாகப் பிள்ளைகள். நூலில் கட்டித் தொங்கவிட்ட விதைக் கல் (வளர்க்க வேண்டிய சிறு படிகம்) காணாமல் போகிறது என்றால் கரைசலில் உப்பு இன்னும் நிறையவில்லை, அல்லது மத்தியானச் சூட்டில் மறுபடி கரைந்துவிட்டது. பாத்திரத்தை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கி வையுங்கள், சூடு ஏறி இறங்குவது மட்டுப்படும். அடியில் பொடிப்பொடியாக விழுந்தால் வேகமாக ஆறவிட்டீர்கள், அல்லது தூசி. வடிகட்டி, மேலே மெல்லிய துணி கட்டுங்கள். கல் பால்போல மங்கலாக இருந்தால் அவசரமாக வளர்ந்தது. ஓரத்தில் உப்பு ஏறி வெளியே வழிந்தால் விளிம்பில் வாசலின் தடவுங்கள். ஆடியில் ஆரம்பித்தால் தண்ணீர் ஆவியாகவே ஆகாது, மாசி பங்குனி நல்லது. சிறு பிள்ளைகள் என்றால் படிகாரம் மட்டும். துரிசு பெரியவர் கூட இருக்கும்போதுதான்.

வளர்ந்த கல்லைக் கழுவாதீர்கள். துடைத்து நிழலில் உலர்த்தி, நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சுப் பூசுங்கள். எங்கள் ஆய்வக அலமாரியில் அப்படிப் பூசாமல் வைத்த நீலக் கல் ஒன்று, பக்கத்தில் உலர்த்தும் சிலிகா ஜெல் டப்பா திறந்து கிடந்ததால், அடுத்த வருடத்துக்குள் ஓரமெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்புத் துண்டு போல ஆகிவிட்டது. பூசிய கல் இன்னும் என் மேசையில் இருக்கிறது.